மொட்டைமாடித் தொட்டியில் ஆமை: குஞ்சு எடுக்கலாமா?

வண்ணார்பேட்டைக்காரன்:
ஆறு ஆண்டுகளுக்கு முன் பிஸ்கட் அளவில் வாங்கிய இரண்டு சிவப்புக்காது ஆமைகள் மாடித் தொட்டியில் இருக்கின்றன. சிறியதற்கு முன்கால் நகம் நீளம். பெரியதன் முகத்துக்கு நேரே நகங்களைப் படபடவென்று ஆட்டுகிறது. நேற்று பெரியது வெளியே ஏறித் துளசித் தொட்டி மண்ணைப் பின்காலால் தோண்டியது. மணல் பெட்டி வைத்துக் குஞ்சு எடுக்கலாமா? மகள் ஆசைப்படுகிறாள். மிஞ்சுவதைக் குறுக்குத்துறையில் ஆற்றில் விட்டுவிடுவேன்.

பாளை அண்ணாச்சி:
தம்பி, மணல் பெட்டியை இன்றே வையுங்கள். குஞ்சு ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு காரியம்.

இடம் கிடைக்காமல் என் பெண் ஆமை முட்டையை அடக்கிக்கொண்டது. தீனி தொடவில்லை, சிமெண்டைச் சுரண்டியே நகம் தேய்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில் பதினொரு முட்டை. ஊசி போட்டுத்தான் வெளியே வந்தது.

அடுத்த தடவை புத்தி கெட்டுக் குஞ்சு எடுத்தேன். ஒன்பது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் "தண்ணீர் நாறுகிறது அண்ணாச்சி" என்று வாளியும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் முப்பது ஆண்டு வாழக்கூடியது. பருவத்துக்கு இரண்டு மூன்று தடவை முட்டையிடும். ஆணைப் பிரித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பெண் பழைய விந்தைச் சேமித்துவைத்து மாதக்கணக்கில் கருவுற்ற முட்டை இடும். முட்டைச் சூடு 31 டிகிரியைத் தாண்டினால் பிறப்பது எல்லாம் பெண். நம் சித்திரை வெயிலில் அவித்த முட்டைதான் மிஞ்சும், அது வேறு கதை.

ஆற்றில் மட்டும் விடாதீர்கள். இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை ஆமை. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் கல்லையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுபோகும். முட்டையை இட்ட அன்றே எடுத்து, கரு வளராதபடி ஃப்ரீசரில் வையுங்கள்.

சமாதானபுரம் அக்கா:
மகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சால்மோனெல்லா கிருமிக்குப் பயந்துதான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமை விற்பதை அமெரிக்காவில் 1975-லேயே தடை செய்தார்கள். சமையலறைத் தொட்டியில் ஆமைப் பாத்திரம் கழுவவே கூடாது.

வண்ணார்பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, திசையன்விளை மச்சான் ஒரு சாக்குத் தேரி மண் (செம்மணல்) கொண்டுவந்தார். ஈரமாக்கி ஒரு முழ ஆழத்துக்குப் போட்டேன். இன்று காலை எட்டு முட்டை. ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்காரி மீன் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.