இறக்கை எறும்பா, குளவியா? லென்ஸில் எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மழை விட்டதும் விளக்கடியில் விழும் பூச்சிகளில் ஈசல் தெரிகிறது: நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பே இல்லை. மற்ற கறுப்புப் பூச்சிகள் எறும்பா, சின்னக் குளவியா? 10 மடங்கு லென்ஸ் இருக்கிறது.

பதில் 1: பக்கவாட்டில் படுக்க வைத்து இடுப்பைப் பாருங்க. மேலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவீங்க. எறும்புக்கு அங்கே கணு மேடாகத் துருத்தும்: முசுறுக்கு ஒன்று, நெருப்பெறும்புக்கு இரண்டு. குளவி இடுப்பு நூலாக ஒடுங்கினாலும் பெரும்பாலும் மேடு இருக்காது.

பதில் 2: உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்தால் எறும்பு என்று முடிவு கட்டிடாதீங்க. பல ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் அப்படித்தான். ஆண் எறும்புக்கோ உணர்கொம்பின் அடிக்கணு (தலையோடு சேரும் முதல் துண்டு) குட்டை, மடிப்பே சரியாகத் தெரியாது. விளக்குக்கு வருவதில் ஆண்கள் நிறைய. அங்கேதான் தப்பு நடக்கும்.

பதில் 3: சாராயத்தில் போட்டிருந்தால் எடுத்து உலரவிட்டுப் பாருங்க, ஈரத்தில் முடி ஒட்டிக்கொள்ளும். கிளைவிட்ட முடி இருந்தால் தேனீ இனம். அதற்கு 10 மடங்கு போதாது, நுண்ணோக்கி வேணும்.

இன்னொன்று, இடுப்பு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இல்லை. வயிற்றின் முதல் வளையம் மார்போடு ஒட்டிவிட்டது. ஒடுக்கம் அதற்கு அடுத்துத்தான். குளவிக்கு உறவான ரம்பப் பூச்சிக்கு இந்த ஒடுக்கமே கிடையாது, ஆனாலும் எறும்பு, குளவி, தேனீ இருக்கும் அதே பூச்சிப் பிரிவுதான். எறும்பு, தேனீ இரண்டுமே குளவி வம்சத்தில் கிளைத்தவை என்பதால் கேள்வியே கொஞ்சம் வழுக்கல்!