ஐயவட்டம்: அவசர அழைப்பின் இடக்குறிப்புக்கு ஒரு கலைச்சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அவசர அழைப்பு மையங்களில் பயன்படும் வரைபட மென்பொருளைத் தமிழாக்கும் பணியில் இன்னும் முடிவாகாமல் நிற்கும் சொற்களுள் 'லொகேஷன் அக்யூரசி', அதாவது கைபேசி காட்டும் இடம் எத்தனை மீட்டர் வரை தள்ளியிருக்கலாம் என்ற அளவு, முதன்மையானது. இந்த இழையில் இதுவரை துல்லியம், பிழைவட்டம், சந்தேக வட்டம், தோராய வட்டம், தேடுவட்டம் ஆகிய ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஆறாவதாக 'ஐயவட்டம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். திரையில் உள்ள சொல்லைப் பணியாளர் தவறாகப் புரிந்துகொண்டால் ஆம்புலன்ஸ் வேறொரு தெருவில் போய் நிற்கும் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கைபேசியில் வரைபடத்தைத் திறந்தால் நீலப் புள்ளி ஒன்றும் அதைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்றும் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். மொட்டைமாடியில் நிற்கும்போது அந்த வட்டம் சுருங்கிப் புள்ளிக்குள் மறைந்துவிடும். கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழைந்ததும் விரியத் தொடங்கும். செயற்கைக்கோளும் வைஃபையும் கிடைக்காமல் செல் கோபுரத்தை மட்டுமே கொண்டு இடம் கணிக்க நேர்ந்தால் பக்கத்து ஊர்களையும் சேர்த்து விழுங்கிவிடும். நாம் பெயர் தேடுவது அந்தப் புள்ளிக்கு அன்று, வட்டத்துக்கு.

பிரிட்டனில் 2014இல் நடைமுறைக்கு வந்து, பின்னர் ஐரோப்பா எங்கும் பரவிய 'அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன்' முறையில், ஒருவர் அவசர எண்ணை அழைத்தவுடன் கைபேசி தானாகவே தன் இடத்தைக் கணித்து, ஒரு குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடுகிறது. அழைத்தவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. அந்தச் சிறு செய்திக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் நமக்குத் தேவையான சொற்களின் பட்டியலே கிடைத்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்கு அடுத்து வட்டத்தின் ஆரம் மீட்டரில் வருகிறது. பிறகு இடம் கணிக்கப்பட்ட நேரம். பிறகு ஆள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறார் என்பதற்கான உறுதி எத்தனை விழுக்காடு என்ற எண். அதன்பின், செயற்கைக்கோளா, வைஃபையா, செல் கோபுரமா என எதைக் கொண்டு கணித்தது என்பதைச் சொல்லும் ஓர் எழுத்து. இந்த முறையை வகுத்தவர்கள் புள்ளியை மட்டும் அனுப்பினால் போதாது என்று முடிவுசெய்தார்கள் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். புள்ளியோடு அதன் மீதான ஐயத்தையும் அளந்து அனுப்புகிறார்கள்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'துல்லியம்' நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் திரையில் 'துல்லியம்: 1200 மீட்டர்' என்று எழுதிப் பாருங்கள். துல்லியம் கூடக்கூட நல்லது என்பதுதான் தமிழில் அச்சொல்லின் இயல்பு. இங்கோ எண் கூடக்கூட நிலைமை மோசம். 50 மீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 2 ஏக்கர் பரப்பு. இரண்டு பேர் டார்ச் விளக்கோடு இறங்கிச் சில நிமிடங்களில் சுற்றிவந்துவிடலாம். 1200 மீட்டர் ஆரம் என்றால் 1,100 ஏக்கருக்கும் மேல். சிறிய ஊர் ஒன்று அதன் வயல்களோடு அதற்குள் அடங்கிவிடும். நள்ளிரவில் பணியில் இருப்பவர் 50, 1200 என்ற இரண்டு எண்களையும் 'துல்லியம்' என்ற தலைப்பின்கீழ் பார்த்தால், எது நம்பத்தக்கது என்பதைச் சொல்லுக்கு எதிராக யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையை அவர்மேல் ஏற்றக் கூடாது.

'பிழைவட்டம்' என்பதற்கு இயற்பியல் பாடநூல்களின் ஆதரவு உண்டு. அளவீட்டுப் பிழை என்று நாம் படித்துத்தான் வந்திருக்கிறோம். ஆயினும் ஆய்வகத்துக்கு வெளியே பிழை என்றால் யாரோ செய்த தவறு என்றே பொருள்படும். கருவி சரியாக வேலை செய்து, தன்னால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடிந்தது என்பதை நேர்மையாகச் சொல்லும்போது அதைப் பிழை என்பது பொருந்தவில்லை.

'சந்தேக வட்டம்' பேச்சு வழக்குக்கு நெருக்கமானது என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இந்த மென்பொருள் காவல் கட்டுப்பாட்டு அறைகளிலும் இருக்கப்போகிறது. 'சந்தேக வளையத்தில் நால்வர்' என்று நாளிதழ்கள் அன்றாடம் எழுதும் மொழியில், உதவி கேட்டு அழைத்த பெண் ஒருவர் 'சந்தேக வட்டத்துக்குள் இருக்கிறார்' என்று கம்பியில்லாக் கருவியில் அறிவிக்கப்படுவதை நான் விரும்பவில்லை, நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

'தோராய வட்டம்' யாருக்கும் உடனே புரியும். தடை ஒன்றுதான்: தோராய மதிப்பு என்பதைப் போலத் தோராய வட்டம் என்றால், வட்டமே தோராயமாக வரையப்பட்டது என்ற பொருள் வருகிறது. வட்டம் கணக்கிட்டு வரையப்பட்டது. உள்ளே ஆள் நிற்கும் இடம்தான் தெரியாதது.

ஐந்தில் என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது 'தேடுவட்டம்'. தேடுபொறியைப் போல வினைத்தொகையாக அமைந்த அழகான சொல் அது, களத்தில் இருப்பவரின் பக்கம் நின்று பேசுகிறது, வாய்க்கும் எளிது. இருந்தும் இந்தப் பொருளுக்கு அதைத் தருவதில் ஆபத்து உண்டு என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு கைபேசிகள் தரும் ஆரம் 68 விழுக்காடு உறுதிக்கு உரியது என்று அதன் நிரலர் ஆவணமே சொல்கிறது. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை, ஆள் வட்டத்துக்கு வெளியே இருக்கக்கூடும். 'தேடுவட்டம் 500 மீட்டர்' என்று கேட்ட குழு 500 மீட்டரோடு திரும்பிவிடுவது இயல்பு. இடப்பிழைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், 68 விழுக்காட்டுக்கு 500 மீட்டராக இருக்கும் ஆரம் 95 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 810 மீட்டராகும்; பரப்போ இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். எவ்வளவு தூரம் தேடுவது என்பது பொறுப்பில் உள்ள மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. கருவி சொன்ன எண்ணுக்கே தேடல் என்று பெயரிட்டுவிட்டால், அந்த முடிவைக் கருவி எடுத்துவிட்டதாக ஆகும்.

ஆகவே இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: கருவி தருவது ஐயவட்டம், அதைப் பார்த்து, நிலப்பரப்பையும் கடந்துபோன நேரத்தையும் கணக்கில் கொண்டு அலுவலர் வகுப்பது தேடுவட்டம். கடலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்துப் படகுகள் பல, கைபேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தன. அப்படிப்பட்ட படகு ஒன்று கடைசியாக எங்கே இருந்தது என்பது செயற்கைக்கோள் கருவியால் சில மீட்டர் அளவில் தெரிந்திருந்தாலும், காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துச் செல்வதால் தேட வேண்டிய பரப்பு மணிக்கு மணி விரிந்துகொண்டே போகும். ஐயவட்டம் சிறியது, தேடுபரப்பு மிகப் பெரியது என்று அங்கே தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் இதைச் சொல்லவே வழியில்லை.

'ஐயம்' ஏட்டு வழக்கு, மக்களிடம் இல்லை என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். பள்ளியில் அறுவகை வினாக்களைப் படித்தவர்கள் யாரும் ஐயவினாவை மறந்திருக்கமாட்டார்கள்: அங்கே கிடப்பது பாம்பா, கயிறா? தொல்காப்பியத்தின் ஐயக்கிளவிக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டும், தொலைவில் தெரியும் உரு குற்றியோ மகனோ, அதாவது மரக்கட்டையா ஆளா என்பதுதான். பொருள் ஒன்று இருப்பது உறுதி, இன்னது என்பதுதான் துணியப்படவில்லை என்ற நிலைக்கே தமிழ் இலக்கணம் ஐயம் என்று பெயர் வைத்திருக்கிறது. அழைத்தவர் இருப்பது உறுதி, இன்ன இடத்தில் என்பது துணியப்படவில்லை என்ற நம் நிலைக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஐயம் என்பதற்குப் பிச்சை என்ற பொருளும் உண்டு. வட்டத்தோடு சேரும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்தச் சொல் தனியாக நிற்காமல் குடும்பமாக வளரக்கூடியது என்பதும் முக்கியம். கைபேசி வலைப்பின்னல்களுக்கான அனைத்துலகத் தரநிலைகள் ஐயத்தை வட்டமாக மட்டும் சொல்வதில்லை; சில கணிப்புகளில் அது நீள்வட்டமாகவும், கோபுரத்திலிருந்து இவ்வளவு தொலைவு, இந்தத் திசை என்று மட்டும் தெரியும்போது வில்லாகவும் வரும். பழைய ஜிஎஸ்எம் (இரண்டாம் தலைமுறை) கைபேசி வலைப்பின்னலில் அலை சென்றுவரும் நேரத்தை வைத்துத் தொலைவைக் கணித்தால், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 550 மீட்டர். ஆகவே கோபுரத்தைச் சுற்றி அந்த அகலத்தில் ஒரு வில்தான் கிடைக்கும். ஐயவட்டம், ஐய நீள்வட்டம், ஐயவில் என்று தயக்கமில்லாமல் எழுதலாம். ஆரத்தை மட்டும் ஐயத்தோடு நேரே புணர்த்த வேண்டாம். அது 'ஐயவாரம்' ஆகி, ஏதோ ஒரு வாரத்தின் பெயர்போல ஒலிக்கும். ஐயவட்ட ஆரம் என்று வைத்துக்கொள்வோம்.

குறுஞ்செய்தியின் மற்ற இரண்டு பகுதிகளுக்குச் சுருக்கமாக. விழுக்காட்டு எண்ணுக்குப் புள்ளியியல் நூல்களின் வழியில் 'நம்பிக்கை அளவு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். புள்ளியியலுக்குள் அது சரி. கட்டுப்பாட்டு அறையில் 'நம்பிக்கை 68' என்றால் அழைத்தவரின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதுபோல் தொனிக்கும். 'உறுதி' என்றால் ஐயத்துக்கு எதிர்ச்சொல்லாகவும் அமைந்துவிடுகிறது: ஐயவட்டம் 500 மீட்டர், உறுதி 68 விழுக்காடு. இடம் கணிக்கப்பட்ட நேரத்துக்கு 'இடங்கண்ட நேரம்' போதும். இந்தப் பகுதியைத் திரையின் மூலையில் ஒதுக்கிவிடக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்திலிருந்து அழைப்பவரின் இடம் 3 நிமிடம் பழையது என்றால் அவர் 3 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார். அப்போது 20 மீட்டர் ஐயவட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

அழைத்தவரின் இடமும் உதவி தேவைப்படும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதையும் தமிழாக்கத்தில் நாம் திருத்திவிடலாம். நெடுஞ்சாலை விபத்தைக் கடந்துபோன லாரி ஓட்டுநர், அடுத்த சுங்கச்சாவடியில் நிறுத்தி 108ஐ அழைப்பார். வெளியூரில் இருக்கும் மகள், கிராமத்தில் தனியாக இருக்கும் தாய்க்காக அழைப்பார். ஆங்கில இடைமுகத்தில் இரண்டும் 'லொகேஷன்' என்றே இருக்கின்றன. நமக்கு 'அழைப்பிடம்', 'நிகழ்விடம்' என்ற தனித்தனிச் சொற்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஐயவட்டம் அழைப்பிடத்துக்கு மட்டுமே உரியது. நிகழ்விடத்தை இன்றும் "எந்த ஊரு, பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்; பிள்ளையார் கோயிலையும் பெட்ரோல் பங்கையும் கிலோமீட்டர் கல்லையும் சொல்லி மக்கள் தரும் விடை, பல நேரங்களில் வட்டத்தைவிட நன்றாகவே வழிகாட்டும்.

பொதுமக்கள் பார்க்கும் செயலியில் இந்தக் கலைச்சொல்லே வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே 'நீங்கள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்கள்' என்ற ஒரு வாக்கியம் போதும். கலைச்சொல் பயிற்சிக் கையேட்டுக்கும், பணியாளர் திரைக்கும், அறிக்கைகளுக்கும் உரியது. கம்பியில்லாக் கருவியில் அது 'வட்டம் ஐந்நூறு' என்று தானாகவே சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கினாலும் பொருள் கெடாது என்பதும் இதன் நன்மை.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே 1990 என்ற எண்ணில் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை தமிழ் பேசும் மாவட்டங்களிலும் இயங்குவதால், இந்தச் சொல் அங்கும் செல்ல வேண்டும். உங்கள் வழக்கில் 'நிச்சயமின்மை' ஊன்றியிருந்தால், 'ஐயவட்டம்' காதுக்கு அயலாகப் படுகிறதா என்று தெரிவியுங்கள்.

உயரத்தில் உள்ள ஐயத்தைக் குறிக்கும் சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2019இல், உயரத்தைக் கூட்டல் கழித்தல் 3 மீட்டருக்குள் சொல்ல வேண்டும் என்று விதித்தது. அதாவது ஏறத்தாழ ஒரு தளம். அடுக்குமாடிகள் பெருகும் நம் நகரங்களிலும் அந்த எண் விரைவில் திரைக்கு வரும். 'ஐய உயரம்' என்று எழுதினால் உயரமே இருக்கிறதா இல்லையா என்ற ஐயம்போல் படுகிறது. 'தளவேறுபாடு' என்றால் அளவு தெளிவாக வரவில்லை. கட்டடத் துறையில் இருப்பவர்களும் தீயணைப்புப் பணியை அறிந்தவர்களும் அடுத்த மடலில் இதைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். 'ஐயவட்டம்' குறித்து மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, அது திரையில் வரக்கூடிய முழு வாக்கியம் ஒன்றையும் சேர்த்து எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும்.

அன்புடன்,
இடைமுகத் தமிழாக்கப் பணியிலுள்ள ஒருவர்