உதவி: தராசு சேரன்மகாதேவிக்கு வந்த பிறகும் பாக்கெட் அம்பைக்கே போகிறது (லிஸ்ப்)

அரிசிமில்_தம்பி
அம்பாசமுத்திரத்தில் மில், சேரன்மகாதேவியில் குடோன், வண்ணார்பேட்டையில் ஆபீஸ். மூன்றிலும் ஃபைபர் இணைப்பு, நிலையான ஐபி. எலக்ட்ரானிக் தராசின் இண்டிகேட்டர் ஒன்றுதான் இருக்கிறது. பிசானம் அறுப்பு தொடங்கியதும் அதைக் கழற்றி குடோனுக்குக் கொண்டுபோவோம், முடிந்ததும் மில்லுக்குத் திரும்பும். ஆபீஸ் கணக்கு மென்பொருளில் அதன் ஐபி 10.20.0.21 என்று உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை.

அதனால் லிஸ்ப் (Locator/ID Separation Protocol) என்ற நெட்வொர்க் முறையைப் போட்டேன். கருவியின் முகவரி (ஈஐடி) மாறாது, அது எந்த ரூட்டருக்குப் பின்னால் இருக்கிறது என்ற முகவரி (ஆர்லாக்) மட்டும் மாறும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு லினக்ஸ் ரூட்டர், வாடகை சர்வர் ஒன்றில், எந்த ஈஐடி எந்த ஆர்லாக்கில் இருக்கிறது என்று பதிவு வைக்கும் மேப் சர்வர். மில்லில் இருந்தவரை பிங் பழுதில்லாமல் போனது.

குடோனுக்கு மாற்றியதும் ஆபீஸிலிருந்து பிங் போகவில்லை. ஆபீஸ் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் இல்லை. செவ்வாய் காலை பத்து மணிக்குச் சரியானது, புதன் பத்து மணி வாக்கில் மறுபடி போய்விட்டது. பிங் போகும்போதும் அன்றைய எடைப் பட்டியலை இழுத்தால் பாதியில் நிற்கிறது. இது மட்டும் மில்லில் இருந்தபோதும் உண்டு. கூகிளில் தேடினால் லிஸ்ப் நிரலாக்க மொழியும் அதன் அடைப்புக்குறிகளும்தான் வந்து விழுகின்றன.

ஜங்ஷன்_கேபிள்
பட்டியல் பாதியில் நிற்பதற்குக் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. லிஸ்ப் உறை போட்டால் ஐபிவி4-இல் 36 பைட் கூடும்: வெளி ஐபி தலைப்பு 20, யூடிபி 8, லிஸ்ப் 8. ஃபைபர் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) என்றால் 1492-தான் கிடைக்கும், அதில் 36 போனால் 1456. உள் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்து, டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1416-க்கு இறக்குங்கள், எல்லாம் சரியாகும். அது சரி, மூன்று இடத்துக்கு இவ்வளவு எதற்கு? மூன்றையும் ஒரே லேன் போல இணைக்கும் ஒரு லேயர் 2 டன்னல் போதுமே.

அரிசிமில்_தம்பி
போதும்தான் அண்ணாச்சி. கற்றுக்கொள்ளும் ஆசையும் கொஞ்சம் உண்டு. 1416 வைத்தேன், பட்டியல் முழுசாக வருகிறது, நன்றி. ஆனால் ரீஸ்டார்ட் விளையாட்டு அப்படியேதான் இருக்கிறது.

தாமிரபரணிக்கரை
ஜங்ஷன் சொன்னது பாதி நோய்க்கு மருந்து. மீதிக்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: பத்து மணியிலிருந்து மறுநாள் பத்து மணி. மேப் ரிப்ளையில் (முகவரி கேட்ட ரூட்டருக்கு வரும் பதில்) டிடிஎல், அதாவது அந்தப் பதிலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது, என்ன வைத்திருக்கிறீர்கள்? அது நிமிடக் கணக்கு. 1440 என்றால் ஒரு நாள்.

அப்புறம், மேப் சர்வரில், லிஸ்ப்பின் கட்டுப்பாட்டுச் செய்திகள் வரும் யூடிபி போர்ட் 4342-ஐ ஐந்து நிமிடம் டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) பாருங்கள். 10.20.0.21-க்கு மேப் ரெஜிஸ்டர் (இந்த ஈஐடி என்னிடம் என்று ரூட்டர் அனுப்பும் பதிவு) எந்தெந்த ஐபியிலிருந்து வருகிறது? 4341-ஐப் பார்க்க வேண்டாம், அது வெறும் டேட்டா.

அரிசிமில்_தம்பி
டிடிஎல் 1440-தான். மாதிரிக் கோப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். ரெஜிஸ்டர் மில், குடோன் இரண்டிலிருந்தும் நிமிடத்துக்கு ஒன்று வருகிறது! ஒவ்வொரு முறையும் தராசோடு கான்ஃபிகையும் மாற்ற வேண்டாமே என்று இரண்டு ரூட்டரிலும் அந்த ஈஐடியை எழுதி வைத்தேன். பின்னால் இருக்கிற ரூட்டர் மட்டும்தான் பதிவு செய்யும் என்று நினைத்தேன்.

தாமிரபரணிக்கரை
அங்கேதான் வழுக்கிவிட்டது. நீங்கள் கையால் எழுதினால், தராசு பின்னால் இருக்கிறதா என்று ரூட்டர் எட்டிப் பார்க்காது. "என்னிடம் இருக்கிறது" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே சாவி கொடுத்திருப்பீர்கள், அதனால் சர்வர் இருவரையும் நம்புகிறது, கடைசியாக வந்த பதிவை வைத்துக்கொள்கிறது. ஆபீஸ் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக் கேட்கும் நேரத்தில் யார் கடைசியோ, அவர் முகவரி ஒரு நாளைக்கு ஆபீஸ் ரூட்டரின் கேஷில் (தற்காலிக நினைவில்) உட்கார்ந்துவிடும். பூவா தலையா போடுகிறீர்கள்.

ஆர்லாக் புரோபிங் காப்பாற்றாது. மில் ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்றுதான் அது கேட்கும். தராசு அங்கே இருக்கிறதா என்று கேட்காது.

இரண்டாவது விஷயம், மில் பதிவை எடுத்துவிட்டாலும் ஆபீஸ் கேஷ் தானாக மாறாது. வீடு மாறிப் போனவர் தபாலாபீஸில் சொல்லிவிட்டார், சரி. நேற்றுவரை வந்த பால்காரருக்கு யார் சொல்வது? அவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டும்போது பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னால்தான் உண்டு. லிஸ்ப்பில் அந்த ஆச்சிக்கு எஸ்எம்ஆர் என்று பெயர்: "உன்னிடம் உள்ளது பழசு, போய் மறுபடி கேள்" என்று கேட்க வைக்கும் செய்தி. யார் யார் பழைய முகவரிக்கு அனுப்புகிறார்கள் என்பது பழைய ரூட்டருக்குத்தான் தெரியும், எனவே அதுதான் அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் ஆச்சியோ (மில் ரூட்டர்) "உள்ளேதான் தூங்குகிறார், பாலை வைத்துவிட்டுப் போ" என்கிறாள்.

செய்ய வேண்டியது: தராசைக் கழற்றும்போதே மில்லில் அந்த ஈஐடியை எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஏஆர்பியில் (அந்த லேனில் தெரியும் கருவிகளின் பட்டியல்) 10.20.0.21 தெரிந்தால் மட்டும் பதிவு, தெரியாவிட்டால் எடுத்துவிடு என்று வைத்தால் இன்னும் நல்லது. டிடிஎல்லை 5 ஆக்குங்கள், எஸ்எம்ஆர் தவறினாலும் ஐந்து நிமிடம்தான் இழப்பு. இடத்துக்கு ஒரு சாவி கொடுங்கள். படிக்க 2013-இல் வந்த ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 6830-ஐ எடுக்காதீர்கள். 2022-இல் வந்த 9300, 9301 இரண்டும்தான் இப்போது தரம்.

களக்காடு_வாழை
நடுவில் ஒரு சந்தேகம். தோப்பு மோட்டார் ரூமில் 4ஜி சிம்தான் இருக்கிறது. அங்கேயும் இது வேலை செய்யுமா?

தாமிரபரணிக்கரை
நேராகச் செய்யாது. சிம் ஆபரேட்டரின் நேட்டுக்குப் (பலர் ஒரே பொது ஐபியைப் பகிரும் அமைப்பு) பின்னால் இருக்கும். நீங்கள் அனுப்பிய போர்ட்டுக்கே பதில் திரும்பினால் நேட் உள்ளே விடும். லிஸ்ப்பிலோ எதிர்ப்பக்கம் எப்போதும் உங்கள் 4341-க்குத்தான் அனுப்பும், அதற்கு நேட்டில் வழி திறந்திருக்காது. நடுவில், பாக்கெட்டுகளை வாங்கிக் கடத்த ஆர்டிஆர் என்ற ரூட்டர் ஒன்றைப் பொது ஐபியில் வைக்க வேண்டும். ஒரு மோட்டாருக்கு வயர்கார்டு விபிஎன் போட்டு முடியுங்கள்.

அரிசிமில்_தம்பி
ஏஆர்பி ஸ்கிரிப்ட் போட்டேன். இன்று மதியம் வேண்டுமென்றே தராசை மில்லுக்குக் கொண்டுபோய் மாட்டி, மறுபடி குடோனுக்குக் கொண்டுவந்தேன். லோடுமேன் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு தடவையும் ஆபீஸ் ரூட்டரைத் தொடவில்லை. மில்லுக்குப் போனபோது ஒரு நிமிடத்துக்குள் பிங் வந்துவிட்டது. குடோனுக்கு வந்தபோது ஐந்து நிமிடம் ஆனது, அதாவது எஸ்எம்ஆர் வரவில்லை, டிடிஎல்தான் காப்பாற்றியது.

ஜங்ஷன்_கேபிள்
மில் ஃபயர்வாலில் 4342 வெளியே போக விட்டிருக்கிறதா பாரும்.

அரிசிமில்_தம்பி
மேப் சர்வர் ஐபிக்கு மட்டும் விட்டிருந்தேன் அண்ணாச்சி. ஆபீஸ் ஐபிக்கும் திறந்துவிட்டேன். நாளைக்கு லோடுமேனிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.