‘பேட்டரி பேக்கப்’: பழைய சிந்தசைசருக்குள் இருக்கும் கலத்தை எப்படி அழைப்பது?

கும்பகோணத்திலிருந்து

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம். மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவிகளான பழைய சிந்தசைசர்களைப் பழுதுபார்க்கும் மாலை வகுப்பு ஒன்றை நடத்திவருகிறேன். கல்யாணக் கச்சேரிக் குழுக்களிடமும் தேவாலயங்களிலும் முடங்கிக் கிடந்த கருவிகளே பெரும்பாலும் எங்கள் மேசைக்கு வருகின்றன. மாணவர் கையேடு வெள்ளியன்று அச்சகம் போகவேண்டும். இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் நாம் அமைத்துவைக்கும் 32 ஒலிகளும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அழியாமல் இருப்பதற்கு, உள்ளே மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்த 3 வோல்ட் லித்தியம் கலமே காரணம். இந்த ‘பேட்டரி பேக்கப்’பைத் ‘துணை மின்கலம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘பவர் சப்ளை’க்கு ‘மின்வழங்கி’ என்றிருக்கிறேன். இரண்டும் தகுமா?

மயிலாடுதுறையிலிருந்து

ஐயா, ‘துணை மின்கலம்’ கூடவே கூடாது. நம் பள்ளி இயற்பியலில் முதன்மை மின்கலம் என்றால் மீண்டும் மின்னேற்ற இயலாதது. துணை மின்கலம் என்றால் மின்னேற்றத் தக்கது. டிஎக்ஸ்7இல் உள்ள லித்தியம் கலம் முதன்மை வகையைச் சேர்ந்தது. 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் என்னும் சிந்தசைசரிலோ மின்னேற்றத் தக்க நிக்கல்-காட்மியம் கலம் இருந்தது. அது ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, அதன் காரம் பலகையின் செப்புத் தடங்களை அரித்துவிடும். அதை எடுத்துவிட்டு லித்தியம் கலம் பொருத்துகிறவர், பழைய மின்னேற்றப் பாதையைத் துண்டிக்க வேண்டும் அல்லது ஒரு டையோடு இட்டு மின்னோட்டம் கலத்துக்குள் திரும்பாமல் தடுக்க வேண்டும். தவறினால் கலம் கசியும், வெடிக்கவும் கூடும். பாடநூலை நம்பி வரும் மாணவன் உங்கள் கையேட்டில் ‘துணை’ என்று கண்டால், அதை மின்னேற்றலாம் என்றுதானே கொள்வான்?

வேதாரண்யத்திலிருந்து

‘பேக்கப்’ என்ற சொல்லே எங்கள் பக்கம் வேறு பொருளில் வழங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, என் கருவியில் பேட்டரி பேக்கப் உண்டு என்று சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் “எத்தனை மணி நேரம் நிற்கும்?” என்றார்கள், அவர்கள் மனத்தில் இருந்தது இன்வெர்ட்டர். கருவி ஒரு நொடியும் இயங்காது, ஒலிகள் மட்டும் அப்படியே இருக்கும் என்பதை விளக்கவே நேரம் போயிற்று. மேலும், கலத்தைக் கழற்றும் முன் ஒலிகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்கிறோமே, கணினி உலகில் அந்தப் படிக்கும் பேக்கப் என்றே பெயர். ஆகவே எதைக் காக்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும்: ‘நினைவுக்காப்பு மின்கலம்’.

தஞ்சாவூரிலிருந்து

பொருளை விளக்குவதோடு ஒரு சொல்லின் வேலை முடிந்துவிடாது, அது நாவில் நிற்கவும் வேண்டும். நம் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதற்கு இணையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அணையாது எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் சொல்வது ஆடு சாகாது என்பதற்காக அன்று. செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து மந்தை குறையாமல் இருக்கும் என்பதற்காகவே. கலமும் அப்படித்தான்: பத்தாண்டு கழிந்து தளர்ந்தால் மாற்றிவிடுகிறோம், நினைவு மட்டும் அணைவதில்லை. ‘நந்தா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லினம் மிகுந்து ‘நந்தாக்கலம்’ ஆகும். கலம் என்பதோ பாத்திரம், மரக்கலம், அணிகலன், பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவு என்று பல பொருள் சுமந்து நிற்கும் சொல். டெல்டாக்காரர் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்காது. கடைப்போலியாகக் ‘கலன்’ என்பாரும் உளர். நான் மகர ஈற்றையே விரும்புகிறேன்.

திருவாரூரிலிருந்து

தஞ்சாவூர் ஐயாவின் விளக்கத்தை இருமுறை படித்து மகிழ்ந்தேன், ஆயினும் உடன்பட இயலவில்லை. நந்துதல் என்ற வினைக்குக் கெடுதல் என்றும் பெருகுதல் என்றும் இரு பொருளும் உண்டு. ‘நந்தாக்கலம்’ என்பதைப் பெருகாத கலம் என்று ஒருவர் பிரித்தால் எப்படி மறுப்பது? வயலில் ஊரும் நந்து என்னும் நத்தை வேறு இருக்கிறது. இருபது ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் நான் கடையில் சொல்வது ‘மெமரி பேட்டரி’. உதவிக்கு வரும் பையனுக்கு அதுவே புரிகிறது. அதையே அச்சிடுவதில் எனக்கு வெட்கம் இல்லை. ‘மின்வழங்கி’ இருக்கட்டும். ஆனால் ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட்டுக்கு அமைந்தது; அதை நம் 230 வோல்ட்டில் செருகியே பல மின்மாற்றிகளை எரித்திருக்கிறார்கள். எச்சரிக்கையை அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே இடுங்கள். உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ‘ரெகுலேட்டர்’ பகுதிக்கு நம் ஆற்றுப்பாசனச் சொல்லாகிய ‘ஒழுங்கி’ போதும்: நீரொழுங்கி போல மின்னழுத்த ஒழுங்கி.

தஞ்சாவூரிலிருந்து

விளக்கோடு சேர்ந்த நந்தாவைப் பெருகாத என்று எவரும் கொண்டதில்லை. ‘மெமரி பேட்டரி’ புரிகிறது என்பது உண்மையே, பழகியதால் புரிகிறது. நந்தாக்கலமும் பத்து மாணவர் வாயில் புழங்கினால் புரியும்.

கும்பகோணத்திலிருந்து

கருத்துரைத்த அனைவர்க்கும் நன்றி. ‘துணை’ என்பதை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்கிவிட்டேன். மயிலாடுதுறை அம்மாவின் மடல் ஒரு விபத்தைத் தடுத்திருக்கிறது. நேற்றிரவு வரை வந்த மடல்களில் ஐவர் ‘நினைவுக்காப்பு மின்கல’த்தை ஏற்கிறார்கள், அவர்களுள் இருவர் வேறு வழியின்றி. அதையே அச்சிடுகிறேன், முதல் முறை வருமிடத்தில் ‘மெமரி பேட்டரி’ என்பதும் உடன் நிற்கும். ‘மின்னழுத்த ஒழுங்கி’யை மறுப்பின்றி எடுத்துக்கொண்டேன். நந்தாக்கலத்தைக் கையேட்டில் சேர்க்கவில்லை. தஞ்சாவூர் ஐயா பொறுத்தருள வேண்டும். வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து

சொல்லிப் பாருங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.