1964 மே மாத அல்-அஹ்ராம் நாளிதழ் வேண்டும்: எங்கே கிடைக்கும்?

வட யேமன் உள்நாட்டுப் போர் (1962–70) பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதுகிறேன். ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறது.

பதவி பறிபோன வட யேமன் மன்னர் இமாம் அல்-பத்ருக்காக ஜிம் ஜான்சன் திரட்டிய பிரிட்டிஷ் கூலிப்படை மலைகளில் ரகசியமாக வேலை செய்தது. அவர்களுக்கு இரவில் விமானத்திலிருந்து ஆயுதம் போட்டது இஸ்ரேல். துப்பாக்கிகளில் வரிசை எண்கள் அழிக்கப்பட்டிருந்தன, பாராசூட்டுகள் இத்தாலியில் செய்தவை. அவ்வளவு கவனம்! அப்படியும் களத்தில் அந்தப் படையோடு இருந்த ஜானி கூப்பருக்கு வந்த கடிதங்கள், எதிர்த்தரப்பான குடியரசுக்காகப் போரிட்ட எகிப்தியர் கையில் சிக்கி, 1964 மே மாதம் கெய்ரோவின் அல்-அஹ்ராமில் அச்சாகிவிட்டன. அந்தப் பக்கம்தான் எனக்கு வேண்டும்.

கையில் இருப்பது நகலின் நகல். மடிப்பு விழுந்த இடத்தில் நாலைந்து வரி ஒரே கறுப்பு. மூன்று மாதமாகத் தேடுகிறேன். சென்னையில் இரண்டு நூலகங்களில் கேட்டாயிற்று, அந்த ஆண்டு இதழ்கள் இல்லை. அரபியில் தட்டச்சு செய்து இணையத்திலும் தேடினேன். மேற்கோள்கள் வருகின்றன, பக்கம் வரவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பி எழுத மனம் ஒப்பவில்லை.

அந்த மாத இதழ்களின் மைக்ரோஃபிலிம் எந்த நூலகத்தில் இருக்கிறது, வெளியாள் ஸ்கேன் வாங்க வழி உண்டா?