செல் டிரான்ஸ்மிஷன் மாடல்: வண்டி எண்ணிக்கை மைனஸில் போகிறது, உதவி தேவை

கேள்வி:
சுமார் 2,000 சாலைத் துண்டுகள் உள்ள நகர நெட்வொர்க்குக்கு டகன்ஸோ என்ற ஆய்வாளரின் 1994 செல் மாடலை (சாலையைச் செல்களாக வெட்டி, ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் ஒரு செல்லிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை வண்டி போகுதுன்னு கணக்கிடும் போக்குவரத்து மாடல்) பைத்தானில் எழுதி ஓட்டுகிறேன். செல் நீளம் 100 மீட்டர், டைம் ஸ்டெப் 10 விநாடி, தடையில்லா வேகம் மணிக்கு 60 கி.மீ. எல்லாமே இரண்டு லேன் சாலை. கொள்ளளவு மணிக்கு 3,600 வண்டி, நெரிசல் அடர்த்தி (வண்டிகள் நகராமல் நெருக்கி நிற்கும்போது உள்ள எண்ணிக்கை) கி.மீ.க்கு 150. சில செல்களில் −2 வருது. 15 வண்டி பிடிக்கிற செல்லில் 16 நிக்குது. மைனஸ் வந்தால் பூஜ்ஜியமாக்குற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். இப்போ மொத்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது.

பதில் 1:
முதல்ல அந்த வரியைத் தூக்குங்க. −2ஐ பூஜ்ஜியமாக்கும்போதெல்லாம் இல்லாத ரெண்டு வண்டி பிறக்குது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 10 விநாடியில் ஒரு வண்டி 167 மீட்டர் போயிடும். உங்க செல்லோ 100 மீட்டர்தான். அதனால 3 வண்டி இருக்கிற செல் 5 வண்டியை அனுப்புது. பின்னாடியிருந்து எதுவும் வராட்டி மிச்சம் −2. ஒரு ஸ்டெப்பில் எந்த வண்டியும் ஒரு செல்லைத் தாண்டக் கூடாது, அதாவது ஸ்டெப் 6 விநாடிக்கு மேல போகக் கூடாது. 5 வைங்க.

16 வர்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொள்ளளவு ரெண்டு லேனுக்கு, நெரிசல் அடர்த்தி ஒரு லேனுக்குன்னு கலந்திருக்கு. முழுக் கொள்ளளவில் ஓடும்போது கி.மீ.க்கு 3600 ÷ 60 = 60 வண்டி இருக்கும். அதனால உங்க கணக்குப்படி பின்னோக்கிப் போகும் அலை வேகம், அதாவது நெரிசல் பின்னாடி பரவும் வேகம், 3600 ÷ (150 − 60) = மணிக்கு 40 கி.மீ. நிஜத்தில் 15, 20க்குப் பக்கம்தான் இருக்கும். நெரிசல் அடர்த்தியை ரெண்டு லேனுக்கும் சேர்த்து 300ன்னு கொடுத்தா 3600 ÷ 240 = 15. செல்லும் 30 வண்டி பிடிக்கும்.

பதில் 2:
நகர நெட்வொர்க்னா 40 மீட்டர் துண்டுகளும் இருக்குமே? அதுக்கு ஸ்டெப் 2.4 விநாடிக்குள்ள வரணும். அந்த நாலஞ்சு துண்டுக்காக மொத்த நெட்வொர்க்கையும் மெதுவாக்குறது வீண். பக்கத்துத் துண்டோட சேர்த்துடுங்க. முடியாட்டி 85 மீட்டர்னு நீட்டிட்டு, நெரிசல் அடர்த்தியைச் சுமார் 141ஆக் குறைங்க; அப்போ அந்தத் துண்டு பிடிக்கிறது பழையபடி 12 வண்டிதான். அலை வேகம் 44 ஆகும், அழகில்லைதான், ஆனா கணக்கு உடையாது.

கேட்டவர்:
மைனஸ் போயிடுச்சு, மொத்தமும் சரியா நிக்குது. ஆனா ரெண்டு சாலை சேர்ற இடத்தில் ஒரு கிளை மட்டும் நகரவே மாட்டேங்குது. கொஞ்ச நேரத்தில் சுத்தி எல்லாமே பூட்டிக்குது.

பதில் 1:
ஃபைல் வரிசைப்படி துண்டுகளை ஓட்டுறீங்க போல. முதல்ல வர்ற கிளை இடத்தை முழுசா எடுத்துக்குது. எல்லாப் பாய்வையும் பழைய நிலையிலிருந்து கணக்கிட்டு, கடைசியில் ஒரே நேரத்தில் செல்களை மாத்துங்க. ஒவ்வொரு கிளைக்கும் பங்கு: அது அனுப்பக்கூடியது, முன்னாடி செல்லில் இருக்கிற இடத்தில் மற்ற கிளை அனுப்பக்கூடியது போக மிச்சம், அந்த இடத்தில் முன்னுரிமைப்படி இந்தக் கிளைக்குச் சேரும் பங்கு, இந்த மூணில் நடு மதிப்பு. இடம் 5, ஒரு கிளை 5, இன்னொன்று 1, முன்னுரிமை பாதிப் பாதின்னா 4, 1ன்னு வரும். ரெண்டும் 5 அனுப்பினா ஆளுக்கு 2.5. மொத்தமே இடத்துக்குள்ள அடங்கிட்டா இந்த விதி வேண்டாம், எல்லாத்தையும் விடுங்க.

பதில் 2:
பூட்டிக்கிறதுக்குப் பிரியும் சந்திப்பையும் பாருங்க. 5 வண்டியில் 20% வலப்புறம் திரும்பணும், அங்கே 0.4 வண்டிக்குத்தான் இடம்னா, மொத்தமே 0.4 ÷ 0.2 = 2தான் போகும்; நேரா போறவங்களும் பின்னாடி மாட்டிக்குவாங்க. ஒரே வரிசையில் நிக்கிற சாலைக்கு அது சரி. திரும்ப தனி லேன் இருந்தா, கடைசி செல்லை ரெண்டாப் பிரிச்சு தனித்தனி வரிசையாக்குங்க. அந்த லேனும் நிரம்பிட்டா பழையபடி அடைப்பு வரும், அது நிஜத்திலும் வர்றதுதான்.