டர்னருக்காகச் சண்டை போட்ட ரஸ்கின், விஸ்லரை ஏன் திட்டினார்?

கரித்துண்டு:
விக்டோரியா காலத்து ஓவிய விமர்சனம் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் குழப்பம். 1842-ல் ஆங்கில ஓவியர் டர்னரின் பனிப்புயல் படத்தை சோப்பு நுரை, வெள்ளைச் சுண்ணாம்பு என்று கேலி செய்தார்கள். மறுவருடமே கலை விமர்சகர் ரஸ்கின், அப்போது அவருக்கு 24 வயதுதான், டர்னருக்காக ஒரு தடிப் புத்தகமே போட்டார். அதே மனிதர் 1877-ல் ஓவியர் விஸ்லரின் வாணவேடிக்கைப் படத்தைப் பார்த்து, பெயிண்ட் டப்பாவை ஜனங்கள் மூஞ்சியில் வீசிவிட்டு 200 கினி (ஒரு பவுனுக்குச் சற்று அதிகமான பழைய ஆங்கிலப் பணம்) கேட்கிறான் என்று எழுதுகிறார். வயதானதும் கண் மங்கிவிட்டதா?

பழையசட்டகம்:
கண் மங்கவில்லை நண்பரே, அளவுகோல் அப்படியேதான் இருந்தது. மேகம் எப்படித் திரளும், அலை எப்படி உடையும் என்று டர்னருக்குத் தெரியும் என்பதுதான் ரஸ்கினின் வாதமே. 1851-ல் மில்லே, ஹண்ட் என்ற இளம் ஓவியர்களின் கூட்டத்துக்காக டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியபோதும் உண்மை, உழைப்பு என்றுதான் பேசினார். விஸ்லரோ படத்துக்கு நாக்டர்ன் என்று இசைப்பெயர் வைத்து, இது வெறும் நிற ஒழுங்கு என்கிறார். ரஸ்கினுக்கு அது ஏமாற்று வேலை. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் அவர் பிடிவாதக்காரர்.

ஈசல்:
கோர்ட்டில் மாட்டியதும் அந்த உழைப்புக் கணக்குதான். விஸ்லர் போட்ட மானநஷ்ட வழக்கு 1878 நவம்பரில் வந்தது, ரஸ்கின் உடம்பு சரியில்லாமல் வரவில்லை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று ரஸ்கினின் வக்கீல் மடக்க, இல்லை, ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். ஜெயித்தும் என்ன, கேட்டது 1000 பவுன், கிடைத்தது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி! வழக்குச் செலவுத்தொகையும் கிடையாது. மறுவருடம் திவால், லண்டன் செல்சியில் கட்டிய வீடும் போனது.

பழையசட்டகம்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முழுமையான வேலை என்றால் இப்படி இருக்கணும் என்று காட்ட, ரஸ்கின் தரப்பு பழைய வெனிஸ் ஓவிய மேதை டிஷியன் வரைந்ததாகச் சொல்லி ஒரு வெனிஸ் பிரபுவின் படத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது. இப்போது அது லண்டன் நேஷனல் கேலரியில் கட்டேனா என்ற வேறொரு வெனிஸ் ஓவியர் வரைந்ததாக இருக்கிறது :)

மஞ்சள்காவி:
விஸ்லரின் அந்த வாணவேடிக்கைப் படம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருக்கிறது, நேரில் பார்த்தேன். சின்னப் படம்தான், 60 செ.மீ. உயரம் இருக்கும். எட்டி நின்றால் புகையும் தங்கப் பொறியும், கிட்டே போனால்தான் கீழே நிற்கிற ஆட்களே தெரிகிறார்கள், அதுவும் உடம்புக்குள்ளால் தரை தெரிகிற மாதிரி. ரஸ்கின் எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாரோ.